ஏழு மாநிலங்கள் ஐந்தான கதை

சென்ற மாதம் இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்றை நான் இரண்டு முறை படித்தேன். எழுதியவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தந்தை. அமெரிக்காவிலே பென்சில்வேனியா மாநிலத்தில் குடியிருக்கும் அவருடைய மகன், தாயையும் தந்தையையும் வரவழைத்து, மலைகளுக்கிடையே கிடக்கும் பள்ளத்தாக்குகளின் வழியாகப் பல மாநிலங்களைக் காரிலே சுற்றிக்காட்ட விரும்புகிறாராம். "தேசப்படத்திலே பார்த்தால் ஒரு சாண் தூரந்தான் இருக்கிறது. மகனோ பத்து நாட்கள் வேண்டும் என்கிறார். ஒரு சாணுக்குப் பத்து நாட்கள் எதற்கு? என் மனைவிக்கு இரத்த அழுத்தமும் உண்டு. நாங்கள் போகலாமா? போவதானால் எவற்றை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்?" என்று அவர் கேட்டிருக்கிறார்.

இக்கேள்விக்கு விடை கூறும் தகுதி எனக்குச் சிறிது உண்டென்றே எண்ணுகிறேன். அதே மாநிலத்திலிருந்து, அதே பள்ளத்தாக்கின் வழியே, 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் நானும் ஒரு பிரயாணஞ் செய்தேன். அப்பிரயாணத்தைக் காட்டிலும், புறப்படுவதற்கு முன் என் தம்பி வீட்டு மேசையைச் சுற்றி நடந்த சண்டையே எனக்கு அதிகங் கற்பித்தது. ஆகையால் அதனையே முதலிற் கூறுகிறேன்.

என் தம்பி 1984இல் ஊரைவிட்டுப் புறப்பட்டவன். பல தேசங்களில் அலைந்து, முடிவில் பென்சில்வேனியாவின் தலைநகராகிய ஹரிஸ்பேர்க்கிற்கு அண்மையில் வீடு வாங்கிக் குடியேறினான். அக்காவுக்கும் எனக்கும் நுழைவு அனுமதி கிடைத்து, நாங்கள் மூவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தபோது 39 ஆண்டுகள் கடந்திருந்தன. அக்காவுக்கு அப்பொழுது 74 வயது. முழங்கால் வலி, நீரிழிவு, காலையும் மாலையும் இன்சுலின் ஏற்ற வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, வளைந்து செல்லும் வீதியில் கார் ஓடினால் தலை சுற்றி வாந்தி எடுப்பது அவருடைய சிறுவயது முதலான வழக்கம். முன்னொருமுறை நுவரெலியாவுக்குப் போகும் வழியில் றம்பொடை வளைவுகளில் அவர் பட்ட பாட்டை எங்கள் குடும்பத்தார் எவரும் மறந்திலர்; தம்பி ஒருவனே மறந்திருந்தான். அவன் அந்தப் பிரயாணத்தில் இருக்கவில்லை.

அவனுக்குக் கிடைத்த விடுமுறை ஒன்பது நாட்கள். நாங்கள் வருவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே திட்டம் வகுத்து, பதினான்கு பக்கங்களில் அச்சிட்டு, ஓரத்தில் துளையிட்டுக் கோவையாகக் கட்டி வைத்திருந்தான். ஏழு மாநிலங்கள்! பென்சில்வேனியாவிலே தொடங்கி, மேரிலாந்து, மேற்கு வேர்ஜீனியா, வேர்ஜீனியா, வட கரோலினா, டெனசி, ஜோர்ஜியா என்று 1,500 மைலுக்கும் மேற்பட்ட கணக்கு. ஒவ்வொரு மலைமுகட்டிலும் பத்து நிமிடம். ஒவ்வோர் அருவிக்கும் இருபது நிமிடம். அக்கா அக்கோவையைக் கையில் வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அமைதியாகப் பார்த்தார். பிறகு, "இதிலே தேநீர் குடிப்பது எந்தப் பக்கத்தில் இருக்கிறது, தம்பி?" என்று கேட்டார்.

அன்று இரவு தொடங்கிய வாக்குவாதம் இரண்டு நாட்கள் நீடித்தது. அதனை விளங்கிக்கொள்வதற்கு அந்நிலத்தின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீண்டு கிடப்பது அப்பலாச்சியன் மலைத்தொடர். உழுத வயலிலே வரம்பும் சாலும் மாறிமாறி ஓடுவது போல, மலையும் பள்ளமுமாக அது நூற்றுக்கணக்கான மைல்களுக்கு ஒரே திசையில் ஓடுகிறது. கிழக்கு ஓரத்தில் நீலத்தொடர் எனப் பொருள்படும் 'புளூ றிட்ஜ்' மலை. மேற்கே அலெகேனி மலைகள். இவற்றுக்கிடையே பெரும் பள்ளத்தாக்கு ஒன்று பென்சில்வேனியாவிலிருந்து டெனசி வரை ஏறக்குறைய இடையறாது செல்கிறது. அதன் வேர்ஜீனியாப் பகுதியில் மிகவும் புகழ்பெற்றது செனன்டோவா பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கு என்றவுடன் செங்குத்தான இரு மலைகளையும் நடுவே ஒடுங்கிய ஆற்றையும் நாம் கற்பனை செய்கிறோம். அங்கே சில இடங்களில் அதன் அகலம் இருபது மைலுக்கும் அதிகம். நடுவிலே நின்றால் சோளக் கொல்லைகளும் மாட்டுப் பண்ணைகளும் தெரியும். மலைகள் தொலைவிலே இரு மதில்களைப் போலத் தோன்றும்.

மாணவர்களுக்கு இங்கே ஒரு செய்தி. அப்பள்ளத்தாக்கின் அடித்தளம் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். மழைநீர் சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. எளிதிற் கரையாத கடினமான பாறைகளோ மலைகளாக எஞ்சி நிற்கின்றன. அதனாலேதான் அந்நிலத்திற் குகைகளும் ஊற்றுகளும் மிகுதி. நமது யாழ்ப்பாணக் குடாநாடும் சுண்ணாம்புக்கல்லின் மேலேயே இருக்கிறது. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அதே கரைதலின் விளைவுகளே. அவர்களுடைய பாறை நம்முடையதைக் காட்டிலும் மிக மிகப் பழையது. எனினும் நீர் செய்யும் வேலை ஒன்றே. இதை நான் சொன்னபோது தம்பியின் முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றியது. இருபது ஆண்டுகளாக அக்கல்லின் மேலே வாழ்ந்தும் அவனுக்கு அது தெரியாது.

பள்ளத்தாக்கு நெடுக்காகக் கிடப்பதால் வழியும் நெடுக்காகவே அமைந்தது. முதலில் அது பழங்குடி மக்களின் நடைபாதை. 18ஆம் நூற்றாண்டில் பிலடெல்பியாவிலிருந்து வந்த ஜேர்மானியரும், அயர்லாந்தின் வடபகுதியிலிருந்து வந்த ஸ்கொத்திய வழியினரும் தங்கள் குதிரை வண்டிகளை அதன் வழியே ஓட்டித் தெற்கே சென்றனர். பின்னர் அது 11ஆம் இலக்க வீதியாயிற்று. 1956இல் ஐசனோவர் சனாதிபதியாக இருந்தபோது நிறைவேறிய சட்டத்தின்கீழ் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகள் எழுந்தன. பழைய வீதிக்கு அருகிலேயே 81ஆம் இலக்க நெடுஞ்சாலை போடப்பட்டது. நியூயோர்க் மாநிலத்தின் வட எல்லையிலிருந்து டெனசி வரை ஆறு மாநிலங்களின் ஊடாக 855 மைல் அது ஓடுகிறது. வேர்ஜீனியாவில் மட்டும் அதன் நீளம் ஏறக்குறைய 325 மைல். பருத்தித்துறை முனையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை நமது இலங்கையின் நீளமே 270 மைல் அளவுதான். கடிதம் எழுதிய அன்பர் தமது சாணை இனித் திரும்ப அளந்து பார்க்கலாம்.

இனிச் சண்டைக்கு வருவோம். பள்ளத்தாக்கின் அடியிலே செல்லும் வழி ஒன்றிருக்க, மலையின் முதுகின் மேலே செல்லும் வழி வேறொன்று உண்டு. அதன் வடபகுதி ஸ்கைலைன் டிறைவ் எனப்படும் 105 மைல் வீதி. அது செனன்டோவா தேசியப் பூங்காவின் உள்ளே செல்வது. மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓட்டலாகாது. அது முடியும் றொக்பிஷ் கணவாயில் புளூ றிட்ஜ் பார்க்வே தொடங்கி, 469 மைல் சென்று, வட கரோலினாவில் செரோக்கி என்னும் ஊரருகே முடிகிறது. 1935இல் ஆரம்பித்த அவ்வீதியின் வேலை 1987இலேதான் பூர்த்தியாயிற்று என்றால் அம்மலையின் கடினத்தை ஊகிக்கலாம். அதிலே உச்ச வேகம் மணிக்கு 45 மைல். இவ்விரண்டு வீதிகளிலும் பார ஊர்திகளுக்கு இடமில்லை; அழகுக்குக் குறைவில்லை; வளைவுகளுக்கும் குறைவில்லை.

தம்பிக்கு மலைவழியே வேண்டும். முழுவதும் வேண்டும். 574 மைலையும் மூன்று நாட்களில் முடித்துவிட்டு, புகைமலைகளைப் பார்த்து, ஜோர்ஜியாவில் இருக்கும் உறவினர் வீட்டிலே ஒரு வேளை உண்டு, திரும்பிவிடலாம் என்பது அவன் கணக்கு. "அக்காவால் முடியாது" என்றேன் நான். "அக்கா இவ்வளவு தூரம் வந்தது இங்கேயிருந்து சுவரைப் பார்ப்பதற்கா, அண்ணை?" என்றான் அவன். "வளைவிலே ஒவ்வொரு மைலுக்கும் காரை நிறுத்துவாயா?" என்றேன். "எத்தனை முறையும் நிறுத்துவேன்" என்றான். மச்சாள் சமையலறையிலிருந்து வந்து இருவரையும் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிச் சென்றார். அக்காவோ தமக்கும் இவ்விவாதத்துக்கும் சம்பந்தமே இல்லாதவர் போல உட்கார்ந்து மருதங்கடவல் தேங்காய்க்கும் அந்நாட்டுத் தேங்காய்க்கும் உள்ள வேறுபாட்டை மருமகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

அந்த மருமகளே, அதாவது தம்பியின் மகளே, வழியைத் திறந்தாள். பல்கலைக்கழகத்திற் படிக்கும் பெண். வெறுந் தாளொன்றை எடுத்து, "அப்பா, மைலை விடுங்கள். சக்கரம் உருளும் மணித்தியாலத்தை மட்டும் எழுதுவோம்" என்றாள். ஸ்கைலைன் வீதி, எங்குமே நிறுத்தாவிட்டால், மூன்று மணித்தியாலம். பார்க்வே, எங்குமே நிறுத்தாவிட்டால், பத்தரை மணித்தியாலம். ஆனால் நிறுத்தாமல் ஓடுவதற்கு அவ்வீதியில் எதற்காகப் போக வேண்டும்? நிறுத்துவதையும், மெதுவாக முன்செல்லும் வண்டிகளையும், அக்காவின் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்தபோது அக்கணக்கு இரட்டித்தது. ஹரிஸ்பேர்க்கிலிருந்து டெனசியில் 81ஆம் சாலை முடியும் இடம் வரை பள்ளத்தாக்கின் வழியே சென்றால் ஐந்நூறு மைலுக்குச் சற்று மேல். சக்கரம் உருளும் நேரம் எட்டு மணித்தியாலம். அவள் அதனை ஐந்து நாட்களாகப் பிரித்தாள்.

அத்தாளிலே அவள் எழுதிய நிபந்தனைகள் மூன்று. பெரியவர் ஒருவர் காரில் இருக்கும்போது ஒரு நாளுக்கு நான்கு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டுவதில்லை. சூரியன் மறையுமுன் தங்குமிடத்தை அடைவது. ஒன்பது நாட்களுள் ஒரு நாளை எழுதாமலே விடுவது. மூன்றாவதைக் கண்டதும் தம்பிக்குக் கோபம் வந்தது. "ஒரு நாளை வீணாக்குவதா?" என்றான். "மாமி கேட்ட தேநீர் அந்தப் பக்கத்தில் இருக்கிறது, அப்பா" என்றாள் மகள். அவ்வாறு ஜோர்ஜியாவும் வட கரோலினாவும் அடிபட்டு, ஏழு மாநிலங்கள் ஐந்தாயின. ஸ்கைலைன் வீதியில் வடக்கு மூன்றிலொரு பங்கை மாத்திரம் வைத்துக்கொண்டோம். தம்பி தன் பதினான்கு பக்கங்களையும் மடித்து அலுமாரிக்குள் வைத்தான். அவனைப் பார்க்க எனக்கு மனம் நொந்தது.

பிரயாணத்தின் முதல் நாளில் இரு ஆச்சரியங்கள். வாகனங்கள் வீதியின் வலப்பக்கமாக ஓடுவதால், முன்னாசனத்திலே அமர்ந்திருந்த அக்கா ஒவ்வொரு சந்தியிலும் தமது வலது காலால் இல்லாத தடுப்பை அழுத்திக்கொண்டே வந்தார். மற்றையது, 81ஆம் சாலையிற் செல்லும் பாரவண்டிகளின் தொகை. மணிக்கு 70 மைல் வேகம் அனுமதிக்கப்பட்ட இடங்களில் முன்னும் பின்னும் பக்கத்திலும் வீடளவு பெட்டிகளாக அவை ஓடும்போது பழகாதவருக்கு நெஞ்சு படபடக்கும். ஆகையால் இடையிடையே 11ஆம் இலக்கப் பழைய வீதிக்கு இறங்கிவிட்டோம். அது சிறு நகரங்களின் நடுவே போகிறது, வேகம் பாதி, ஆனால் வீட்டுத் திண்ணைகளும் தேவாலயங்களும் சந்தைகளும் கண்ணிற் படுவது அங்கேதான். அப்பக்கத்து மக்களின் பேச்சில் ஒரு விந்தை உண்டு. பள்ளத்தாக்கிலே தெற்கே போவதை 'மேலே போவது' என்பர். செனன்டோவா ஆறு வடக்கு நோக்கி ஓடி, ஹார்ப்பர்ஸ் பெரி என்னுமிடத்தில் பொட்டோமாக் ஆற்றுடன் கலக்கிறது. ஆற்றுக்கு எதிர்த்திசை மேடு அல்லவா? தேசப்படத்தை மேல் கீழாக வைத்துப் பழகிய என் தம்பிக்கு இது கடைசிவரை பிடிபடவேயில்லை.

இரண்டாம் நாட் காலையில் புரொன்ட் றோயல் என்ற ஊரிலிருந்து ஸ்கைலைன் வீதியில் ஏறினோம். வார இறுதியைத் தவிர்த்துச் சென்றது நல்லதாயிற்று. இலைகள் நிறம் மாறும் ஒக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் நுழைவாயிலிலேயே வரிசை நீண்டு கிடக்குமாம். இலைநிறம் மலையுச்சியிலே தொடங்கி நாளுக்கு நாள் பள்ளத்தாக்கை நோக்கி இறங்குகிறது. நாங்கள் சென்ற அன்று மேலே செம்பும் பொன்னுமாகவும் கீழே இன்னும் பசுமையாகவும் இருந்தது. அக்கா முன்னாசனத்தில் அமர்ந்து, தூரத்து மலையையே நோக்கிக்கொண்டு வந்ததால் தலைச்சுற்று அதிகம் வரவில்லை. வளைவுகளிற் பிரயாணஞ் செய்வோர் கைத்தொலைபேசியையோ புத்தகத்தையோ பார்க்கலாகாது என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

ஓரிடத்தில் இறங்கியபோது, காட்டின் நடுவே கற்களை அடுக்கிக் கட்டிய மதில் ஒன்று பாதி இடிந்து கிடந்தது. பக்கத்திலே யாரும் பறிக்காத ஓர் அப்பிள் மரம். "இங்கே யார் இருந்தார்கள்?" என்றார் அக்கா. தம்பியின் மகள் விளக்கினாள். இப்பூங்காவை உண்டாக்குவதற்காக வேர்ஜீனியா மாநிலம் 1920களின் இறுதியிலே சட்டமியற்றி மலைநிலங்களைச் சுவீகரித்து மத்திய அரசாங்கத்துக்குக் கொடுத்தது. ஏறக்குறைய 500 குடும்பங்கள் அங்கிருந்து எழுப்பப்பட்டன. ஒருசில முதியவர்கள் மட்டுமே இறக்கும்வரை இருக்க அனுமதி பெற்றனர். பூங்கா 1935இல் நிறுவப்பட்டது. அவர்களுடைய சுடலைகளும் அடுப்புக் கற்களும் இன்றும் மரங்களுக்கிடையே இருக்கின்றன.

அக்கா சற்று நேரம் அம்மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வெளியேறுவதற்கு எத்தனை நாள் தவணை கொடுத்தார்கள்?" என்று கேட்டார்.

"சிலருக்குச் சில ஆண்டுகள், மாமி."

"ஆண்டுகளா!" என்றார் அக்கா. வேறொன்றும் சொல்லவில்லை. தம்பி காரின் சாவியைக் கையிலே வைத்துக்கொண்டு அப்பால் நடந்து சென்றான்.

தோண்டன் கணவாயில் அவ்வீதியை விட்டு லூறே நகரத்துக்கு இறங்கினோம். 1878இற் கண்டுபிடிக்கப்பட்ட பெருங்குகை அங்கே உண்டு. ஒரு மைலுக்கு மேல் நடக்க வேண்டுமாதலால் அக்காவும் நானும் வெளியிலே இருந்துகொண்டோம். மறுநாள், பள்ளத்தாக்கை ஐம்பது மைல் அளவுக்கு இரண்டாகப் பிளந்து நிற்கும் மசனட்டன் மலையைக் கடந்து, மீண்டும் 81ஆம் சாலையை அடைந்து, ஸ்டான்டன் நகரத்துக்கு அப்பால் ஒரு பண்ணை வீட்டிலே இரண்டு இரவுகளுக்கு இடம் பிடித்தோம்.

எழுதாமல் விட்ட நாள் அங்கேதான் வந்தது. விடியற்காலையில் எதிரே இருந்தது யாதென்றே தெரியாதபடி மூடுபனி. பத்து மணியளவில் அது எழுந்து செல்ல, முதலில் வேலி, அதன்பின் மாடுகள், அதன்பின் மலை என்று ஒவ்வொன்றாக வெளிவந்தன. திண்ணையில் மூன்று நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தோம். மச்சாள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, மகளையும் அழைத்துக்கொண்டு பட்டணத்துக்குப் போய்விட்டார். அவர் அறிந்தே போனார் என்பது என் எண்ணம்.

நெடுநேரத்துக்குப் பின் தம்பியே தொடங்கினான். "அக்கா, அந்தத் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு அம்மாவை எப்படிக் கொண்டுபோனீர்கள்?" என்றான். 28 ஆண்டுகளாக அவன் கேளாத கேள்வி அது. தொலைபேசியிற் பேசும்போதெல்லாம் சுகம் விசாரிப்போம், பணம் வந்ததா என்போம், இதைப் பேசியதில்லை.

அக்கா சொன்னார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி மாலை அறிவித்தல் வந்தது. அடுப்பில் இருந்த சோற்றைப் பானையோடு எடுத்துக்கொண்டார்கள். துவிச்சக்கர வண்டியின் பின்னாலே அம்மாவை இருத்தி, சாறியால் ஆசனத்தோடு கட்டி, அக்கா ஒரு பக்கமும் அத்தான் மறுபக்கமுமாகத் தள்ளிச் சென்றார்கள். மழை. ஒரே வீதி, அதிலே இலட்சக்கணக்கான சனம். நாவற்குழிப் பாலத்தைக் கடப்பதற்கே விடிந்துவிட்டது. சாவகச்சேரி பத்து மைல். போய்ச்சேர மறுநாட் பிற்பகலாயிற்று. அங்கே ஒரு பள்ளிக்கூட மண்டபத்திற் கிடந்து, 1996 தை மாதத்தில் அம்மா கண்ணை மூடினார். செய்தி தம்பிக்குக் கடிதமாகப் போய்ச்சேர்ந்தபோது அந்தியேட்டியும் முடிந்திருந்தது.

"அம்மா வழியெல்லாம் என்ன சொன்னார் தெரியுமா?" என்றார் அக்கா. "உன்னைப் பற்றியல்ல. சாவகச்சேரி வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று, சின்னப் பிள்ளை போலக் கேட்டுக்கொண்டே வந்தார்." சொல்லிவிட்டுச் சிரித்தார். தம்பியும் சிரித்தான், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், காரைக் கழுவத் தொடங்கினான். அது கழுவ வேண்டிய நிலையில் இருக்கவில்லை.

அன்றைய தினத்துக்குப் பிறகு அவன் எந்த இடத்துக்கும் நேரம் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. இயற்கைப் பாலம் என்னும் 215 அடி உயரமான கல்வளைவை ஐந்தாம் நாள் கண்டோம். நீர் சுண்ணாம்புக்கல்லை அறுத்து உண்டாக்கியது அது; பிற்காலத்தில் சனாதிபதியான ஜெபர்சன் 1774இல் அதனை விலைக்கு வாங்கியிருந்தார். பிறிஸ்டல் நகரத்தின் பிரதான வீதியில் நடுக்கோடே மாநில எல்லை: ஒருபுறக் கடைகள் வேர்ஜீனியா, எதிர்ப்புறக் கடைகள் டெனசி. அக்கா ஒரு மாநிலத்திற் செருப்புப் பார்த்து, விலை பிடியாமல், வீதியைக் கடந்து மற்ற மாநிலத்தில் வாங்கினார். புகைமலைகளில் 5,046 அடி உயரமான நியூபவுண்ட் கணவாய் வரை ஏறினோம். வட கரோலினாவின் எல்லை அங்கே செல்வதால், அடிபட்ட ஆறாவது மாநிலத்தில் தம்பி இரண்டு அடி நடந்து ஆறுதல் பெற்றான். திரும்பும் வழியை இரண்டு நாட்களாக வைத்திருந்தோம். பலர் திரும்புவதைப் பிரயாணமாகவே கணக்கிடாமல் ஒரே மூச்சில் ஓடி, களைத்த கண்ணுடன் இரவில் ஓட்டுகிறார்கள். அதனை வன்மையாகக் கண்டிக்கிறேன்.

இனிக் கடிதம் எழுதிய அன்பருக்கு. நீங்கள் போகலாம், வைத்தியரைக் கேட்டுவிட்டுப் போங்கள். விமானத்தில் இறங்கி ஒரு வாரமாவது மகன் வீட்டில் தங்கி, இரவு பகல் மாறிய உடம்பு நிலைக்கு வந்தபின் புறப்படுங்கள். மனைவியாரின் மாத்திரைகளைக் கைப்பையில் வைத்திருங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் மருந்தை விட்டுச் செல்லாதீர்கள். வெளிநாட்டுப் பிரயாணிகளுக்கான வைத்தியக் காப்புறுதி இன்றிப் போகவே வேண்டாம்; அங்கே ஓர் இரவு ஆஸ்பத்திரியில் இருப்பதற்கு இங்கே ஒரு காணித் துண்டை விற்க நேரிடலாம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கிச் சிறிது நடவுங்கள். நெடுஞ்சாலையோரத்தில் அதற்கென இளைப்பாறும் இடங்கள் அமைத்திருக்கிறார்கள். மலைமேல் கைத்தொலைபேசி பல இடங்களிற் பேசாது. ஆகவே கடதாசியில் அச்சிட்ட வீதிப்படம் ஒன்று இருக்கட்டும். பார்க்வேயில் பெற்றோல் நிலையம் கிடையாது, ஏறுமுன் நிரப்புக. கட்டுச்சோற்றுக்குப் பருத்தித்துறை வடையைப் போல உதவுவது வேறில்லை. ஒரு வாரமானாலும் கெடாது. பழமும் இறைச்சியும் விமான நிலையத்தில் பறிபோகும்.

இன்னுமொன்று. வீதி இருக்கிறதா என்று விசாரித்தபின்னரே புறப்பட வேண்டும். இது வேடிக்கையன்று. நாங்கள் சென்று வந்த மறு ஆண்டு, 2024 செப்டெம்பர் இறுதியில், ஹெலீன் என்னும் புயலின் மழையினால் வட கரோலினா மலைகளில் பெருவெள்ளமும் மண்சரிவும் ஏற்பட்டுப் பலர் மாண்டனர். பார்க்வேயின் பல பகுதிகள் சரிந்தன. டெனசிக்கும் வட கரோலினாவுக்கும் இடையே ஆற்றோரமாகச் செல்லும் 40ஆம் இலக்க நெடுஞ்சாலையின் ஒரு பாதியை ஆறு கொண்டுபோயிற்று. 2025 மார்ச்சிலேதான் திசைக்கு ஒரு வரிசையாக அதைத் திறந்தார்கள். பனிக்காலத்தில் மலைவீதிகளை அடிக்கடி மூடுவர். வேர்ஜீனியாவில் 511 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி செய்தால் வீதிகளின் நிலையைச் சொல்வார்கள்.

உங்கள் மகன் பத்து நாட்கள் என்கிறார். பதினொன்றாக்க முடியுமா என்று எழுதிக் கேளுங்கள். அக்கடிதத்திலேயே அம்மா எத்தனை மணிக்குத் தேநீர் குடிப்பவர் என்பதையும் குறிப்பிடுங்கள். பிள்ளைகளுக்கு மறந்திருக்கக்கூடும்.